பின் கதவுச் சத்தம்

இது நடந்தது. நம்பாவிட்டால் விடுங்கள். அந்த வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. நான் அதைத் திறப்பதில்லை.

அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில், பிழைக்க வந்த எங்களைப் போன்றவர்கள் வீடு வாங்க முடியாது. ஆனால் அக்கா மாரிக்ரூஸ் வீடுகளைக் கைமாற்றிவிடுவாள். புல் மண்டி, தபால் பெட்டி நிரம்பி வழியும் வீடுகளைத் தெருத்தெருவாகத் தேடுவோம். உரிமையாளரைக் கண்டுபிடித்து, மலிவாக ஒப்பந்தம் போட்டு, அதை வேறொருவருக்கு விற்பாள். நடுவில் நிற்கும் லாபம் எங்களுக்கு. பல மாதங்களாக ஒன்றும் அமையவில்லை. இப்போது வந்திருந்த இந்த ஒரு வீடும் போனால் வாடகை அறையை விட்டுவிட்டு வேனில்தான் படுக்க வேண்டும்.

டெக்சஸில் இருந்த ஒருவர், இறந்துபோன அத்தையின் வீட்டை எட்டிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பழைய வீடுகளை வாங்கும் டுப்ரீ எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஒரே நிபந்தனை: வீடு காலியாக இருக்க வேண்டும். அன்றே வீடியோ கேட்டார்.

"நீ போய் எடுடி. காலி வீடு, பேச ஆளே கிடையாது. உனக்குன்னே செஞ்ச வேலை!" என்று வேனிலிருந்தபடியே சிரித்தாள் அக்கா. பள்ளியை விட்ட பிறகு அவளைத் தவிர நான் யாரிடமும் பேசுவதில்லை.

மாலை ஐந்து மணி. வெளியே பனிமூட்டம். போனில் வீடியோவை ஓடவிட்டுக் கதவைத் திறந்தேன். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் நாங்கள் அனுமதி கேட்போம். பழக்கத்தில் வாய் கேட்டுவிட்டது.

"வரலாமா?"

"வாம்மா."

ஒரு வயதான பெண்ணின் குரல், சமையலறையிலிருந்து... பக்கத்து வீட்டுக்காரியாக இருக்கும் என்று போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. எங்கும் தூசி. ஒரு நாற்காலியில் மட்டும் இல்லை. பட்டை போட்ட காபி வாசனை... அடுப்பைக் கழற்றி எடுத்துப்போயிருந்தார்கள்.

"எல்லாரும் ஜன்னல்ல எட்டிப் பாத்துட்டுப் போயிடுவாங்க. நீதான் கேட்டுட்டு வந்த."

குரல் என் பின்னால்.

"தனியா இருக்கேம்மா..."

நாக்கு தானாக அசைந்தது. விடைபெறும்போது எங்களவர்கள் மரியாதைக்குச் சொல்வதைச் சொன்னேன். அதை நம்பி யாரும் வந்ததில்லை.

"எங்க வீடும் உங்க வீடுதான்."

ஓடினேன்.

அந்தக் குரலைப் பற்றி அக்காவிடம் சொல்லவில்லை; வீடியோ சரியாக வரவில்லை என்று மட்டும் சொன்னேன். அறை போய்விடுமே.

மறுநாள் டுப்ரீ நேரிலேயே போய்ப் பார்த்தார். "சுத்தமா காலி," என்றார். பணம் வந்தது. அறை தப்பியது.

அந்த மகிழ்ச்சியில், அறையில் உட்கார்ந்து அக்கா என் போனை வாங்கி வீடியோவை ஓடவிட்டாள். அந்தக் குரல் அதில் இல்லை. என் குரல் மட்டும். பிறகு என் மூச்சு. ஓடும் சத்தம். பதிவை நிறுத்த மறந்திருந்தேன். நான் வேன் கதவைச் சாத்தும் சத்தம்.

பிறகு...

மெதுவாக, வேனின் பின் கதவு திறந்து மூடும் சத்தம்.

"நாம ரெண்டு பேரும் முன்னாடிதான இருந்தோம். பின்னாடி கதவை யாருடி சாத்துனது?"

நான் போனைப் பிடுங்கி வீடியோவை நிறுத்தினேன்.

எங்கள் அறையில் அடுப்பு கிடையாது. பட்டை போட்ட காபி வாசனை வந்துகொண்டிருந்தது.