பின் சீட்டுக்குத் தெரிந்த கிளட்ச்

டெல்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் ரங்கராஜனைப் போலப் பெண்டாட்டியைத் தாங்குகிற மனுஷன் கிடையாது என்று பேர். தினமும் காலையில் விஜயலக்ஷ்மியைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய் அவள் ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டுத்தான் தன் ஆபீசுக்குப் போவார். நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று அவள் சொன்னால், "காலனியில என்னைப் பத்தி என்ன நினைப்பா?" என்பார். பெரிய தாங்கல்! பதினாறு வருஷமாக அந்தப் பின் சீட்டில் உட்கார்ந்தவளைக் கேட்டால் தெரியும், அந்தத் தாங்கலின் லட்சணம்.

இரண்டு பேரும் மத்திய சர்க்காரில் ஒரே படியில் இருந்த குமாஸ்தாக்கள். இலாகாதான் வேறு. ஆபீசர் ஆவதற்கான பரீட்சையை ரங்கராஜன் நாலு தடவை எழுதி, நாலு தடவையும் கோட்டை விட்டவர். அப்புறம் வயசு வரம்பும் தாண்டிவிட்டது. விஜயலக்ஷ்மிக்கு ஒரே ஒரு வாய்ப்பு பாக்கி, இரண்டாயிரத்து மூன்று டிசம்பரில். அதை விட்டால் ரிட்டயர் ஆகும்வரை குமாஸ்தாதான். அவள் புத்தகத்தைக் கையில் எடுத்தால் போதும், மனுஷன் டி.வி. சத்தத்தைக் கூட்டுவார். முந்தின வருஷம் பரீட்சைக்குக் கூட்டிக்கொண்டு போகும் வழியில் டயருக்குக் காற்றடிக்கிறேன் என்று நிறுத்தி, அங்கே யாரோ தெரிந்தவரோடு அரட்டை அடித்து, கேட்டைச் சாத்தின பிறகு கொண்டுபோய் இறக்கினார். "உன் தலையெழுத்து" என்றார். அன்றையிலிருந்து அவள் அவரோடு தேவைக்கு மேல் பேசுவதில்லை. வயிற்றெரிச்சல் பிடித்த மனுஷனோடு என்ன பேச்சு வேண்டிக்கிடக்கிறது?

அந்தப் பைக்கின் கிளட்ச் தேய்வதை முதலில் கண்டுபிடித்தவளும் அவள்தான். கியரை மாற்றி முறுக்கினால் முன்பெல்லாம் அவள் முதுகு பின்னால் சாயும், கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஜூலையில் அந்த இழுப்பு காணாமல் போயிற்று. எஞ்சின் கத்தும், வண்டி சோம்பலாக நகரும். சஃப்தர்ஜங் மேம்பாலத்தை நாலாவது கியரில் ஏறின வண்டி ஆகஸ்டில் மூன்றாவதுக்கு இறங்கியது, அக்டோபரில் இரண்டாவதுக்கு. ஆபீஸ் போய்ச் சேர்ந்தால் புடவையெல்லாம் தீய்ந்த வாடை.

"ஏன்னா, கிளட்ச் வழுக்கறது. பிளேட் மாத்தணும்."

"கிளட்ச் எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியுமாடி உனக்கு?"

ஒரு சனிக்கிழமை சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போனவள், ஓரத்தில் பைக் ரிப்பேர் பார்க்கும் குர்மீத்திடம் நின்றாள். மூன்றாவது கியரில் மெதுவாகப் போகும்போது முழுசாக முறுக்கினால் என்ன ஆகிறது என்று அவன் கேட்டான். சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றாள். என்ன எண்ணெய் ஊற்றுகிறார் என்று கேட்டான். அதையும் சொன்னாள். ஆபீஸ் காரை சர்வீஸ் பண்ணினால் டின்னில் மிஞ்சும் எண்ணெயை டிரைவர் ரங்கராஜனுக்குக் கொடுப்பான். ஓசி எண்ணெய்.

குர்மீத் தலையில் அடித்துக்கொண்டான். "பாபிஜி, பைக்ல கிளட்ச் பிளேட் எஞ்சின் எண்ணெய்க்குள்ளயே கிடக்கு. அந்தக் கார் எண்ணெய்ல வழுக்கல் ஜாஸ்தி, பிளேட் ஒண்ணையொண்ணு பிடிக்காது, வழுக்கி வழுக்கி எரிஞ்சிடும். இது டிசம்பரைத் தாண்டாது" என்று ஹிந்தியில் சொன்னான். லீவரில் கொஞ்சம் தளர்ச்சி இருக்க வேண்டும், கேபிளை இறுக்கினால் கிளட்ச் எப்போதும் பாதி அமுங்கினபடியே இருந்து இன்னும் சீக்கிரம் போய்விடும் என்றும் சொல்லி அனுப்பினான்.

எண்ணெய் விஷயத்தை அவள் வீட்டுக்கு வந்து சொன்னாள். "அது மந்திரி போற வண்டிக்கு ஊத்தற எண்ணெய். அந்த சர்தார் என்னத்தைக் கண்டான்?" என்றார் ரங்கராஜன். சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்துக்கொண்டு கீழே போய், வழுக்கலுக்கு மருந்து என்று கேபிளை இழுத்து இறுக்கினார். விஜயலக்ஷ்மி பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்க ஒரு வார்த்தை போதும். அவள் வாயைத் திறக்கவில்லை. இறுக்கட்டும், நன்றாக இறுக்கட்டும் என்று இருந்தது அவளுக்கு.

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை, கோல் மார்க்கெட் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில். பத்து மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். எட்டே முக்காலுக்கு ரங்கராஜன் மங்கி குல்லாயை மாட்டிக்கொண்டு, "வா, நானே கொண்டு விடறேன். நாலு பேர் பாக்கறாளோன்னோ" என்று கீழ்வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னார். அவள் ஹால் டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

மேம்பாலத்தில் பாதி ஏறியிருப்பார்கள். எஞ்சின் ஊளையிட்டது. இரண்டாவது கியர், முதல் கியர், எதற்கும் வண்டி அசையவில்லை. கருகின வாடை மூக்கில் ஏறியது. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனை அமுக்கி ஒரு கெட்ட வார்த்தையும் சொல்லிவிட்டுப் போனான்.

"இறங்கித் தள்ளு. என்னடி பாத்துண்டு உக்காந்திருக்கே?"

அவள் இறங்கினாள். தள்ளவில்லை. கூடவே வந்த ஒரு ஆட்டோ ஓரமாக நின்றது. கைகாட்டவேயில்லை, தானாக நின்றது. "சலோ மேடம்ஜி" என்றான் டிரைவர். அவனை முந்தின நாளே பேசி வைத்திருந்தாள். காலனி கேட்டிலிருந்து அவர்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தான்.

ரங்கராஜன் ஆட்டோவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"நின்னுடும்னு தெரிஞ்சேதான் வந்தியா?"

"அஞ்சு மாசமா சொன்னேனே."

"அப்பறம் எதுக்குடி ஏறினே? முதல்லயே ஆட்டோல தொலைய வேண்டியதுதானே?"

விஜயலக்ஷ்மி ஆட்டோவில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு, பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக அவரை நேருக்கு நேர் பார்த்தாள்.

"நீங்க இங்க நிக்கறதை நான் பாக்கணும்" என்றாள். "பையா, ஜல்தி."

ஒன்பது இருபதுக்கே பள்ளிக்கூட வாசலில் இறங்கிவிட்டாள். கேட் விரியத் திறந்து கிடந்தது.