சம்பந்தியம்மா வயிற்றில் என் பல்

என் மகளின் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் தரும் வலீமா விருந்து வாணியம்பாடியில், அவர்கள் வீட்டில் நடந்தது. எங்கள் பக்கம் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவோம். அன்று மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தனியாக ஒரு பெரிய தட்டு. புது இடத்தில் எனக்கு வாயே திறக்காது. குனிந்த தலை நிமிராமல் பிரியாணியைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

சம்பந்தியம்மா பெரிய கறித்துண்டு ஒன்றை எனக்கு ஊட்டினார். பாதி கடித்தேன். மீதியை நான் அவருக்கு ஊட்ட வேண்டுமாம். ஊட்டினேன். அப்புறம் தண்ணீர் குடித்தால் வலது கடைவாயில் சுரீர் என்றது. நாக்கால் துழாவிப் பார்த்தேன். பல்லின் மேல் உறைபோல மாட்டியிருந்த கேப்பைக் காணோம். நான் விழுங்கினேனா, அவருக்கு ஊட்டிவிட்டேனா, அல்லாவுக்குத்தான் வெளிச்சம்.

சொன்னால் புகுந்த வீட்டில் மகளுக்கு வந்ததும் வராததுமாகத் தலைகுனிவு. சொல்லாமல் விட்டு அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

கொல்லைப்பக்கம் போய் ஆம்பூர் பல் டாக்டருக்குப் போன் போட்டேன். இருமல், மூச்சுத்திணறல் இல்லையென்றால் பயப்பட வேண்டாம், வாந்தி எடுக்க வேண்டாம், பேதி மருந்தும் வேண்டாம், வழக்கம்போல் சாப்பிட்டால் பெரும்பாலும் தானாக வெளியே வந்துவிடும், எதற்கும் விழுங்கியவருக்கு எக்ஸ்ரே எடுத்துவிடலாம் என்றார். விழுங்கியது யார் என்றுதான் தெரியவில்லை என்றேன்.  அப்படியானால் இரண்டு பேரும் வாருங்கள் என்றார்.

சம்பந்தியம்மா காதில் ஒருவழியாகச் சொன்னேன். அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"ஏதோ கடக்குன்னுச்சு. ஏலக்கான்னு முழுங்கிட்டேன்."

எக்ஸ்ரேயில் என் வயிற்றில் ஒன்றுமில்லை. அவர் வயிற்றில் என் பல் வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தது.  மகளை என்ன சொல்லப் போகிறாரோ என்று நின்றேன். அவர் படத்தையே உற்றுப் பார்த்தார்.

"சீர் ஒண்ணும் வேணாம்னு தலைபாடா அடிச்சிக்கிட்டேன். கேட்டீங்களா சம்பந்தி? பல்லைக் குடுத்து அனுப்பிட்டீங்க."

சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இப்படிச் சிரித்தால் உள்ளே இருக்கும் பல்லுக்கு வலிக்கப் போகிறது என்று, கூட வந்திருந்த என் மகளும் சிரித்தாள்.

அடுத்த வாரம் அது வெளியே வந்ததும், ஒரு மிட்டாய் டப்பாவில் பஞ்சு சுற்றி அனுப்பி வைத்தார். கழுவிக் கொதிக்க வைத்து மறுபடி மாட்டிவிடட்டுமா என்று டாக்டர் கேட்டார். அன்று என்னோடு வந்திருந்த சம்பந்தியம்மாவும் பக்கத்தில் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதிரில் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாயைத் திறந்தேன்.

இன்றைக்கும் அந்தப் பல்தான் என் வாயில் இருக்கிறது. பெரும்பாலும் இடது பக்கம்தான் மெல்லுவது.