கிளிமீனும் நுளம்புப் புகையும்

எனக்கு வயது எழுபத்தாறு. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஒன்றும் சோடை போகவில்லை. ஆறாவதாக என் கைக்கு வந்தது ஒரு கிளிமீன். வெள்ளவத்தையில் இந்த மாடி வீட்டுக்குக் குடிவந்தபோது என் கடைசி மகன் முன்னறைச் சுவர் நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி வைத்து, கடல் தண்ணீர் நிரப்பி, அதை வாங்கி விட்டான். பிறகு கப்பலில் வேலை கிடைத்துப் போய்விட்டான்.

அந்த மீனுக்குக் கிளியின் அலகு போலப் பல். கல்லை அது கடித்து நெரிக்கிற சத்தம் குசினி வரைக்கும் கேட்கும். இத்தனை வருடத்தில் என் கையில் அதற்கு ஒரு குறையும் வந்ததில்லை.

மேல்வீட்டுப் பிள்ளையை டெங்கு என்று ஆஸ்பத்திரியில் வைத்த மறுநாள் காலை, நுளம்புக்குப் புகை அடிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள்.

"அம்மே, ஜனேல் அரின்ன!" என்று கீழே நின்று ஒருவன் சிங்களத்தில் கத்தினான். ஜன்னலைத் திறக்கட்டாம்.

கப்பலுக்குப் போனவனின் பெண்சாதி, என் மருமகள், பதறிப்போனாள். "மாமி, அந்தப் புகை தண்ணியில கலந்தா மீன் செத்துடும். பூட்டியே வைப்பம்."

"பூட்டினா நுளம்பு எப்பிடிச் சாகும்? அங்க ஒரு தாய் பிள்ளைக்குப் பக்கத்தில இருக்கிறாள். மீனுக்காகப் பூட்டினம் எண்டு அவளின்ர முகத்தில முழிக்கேலுமே? திற."

தொட்டிக்குள் காற்றை இழுத்து விடுவது மோட்டர்தான். அதன் பிளக்கைக் கழற்றினேன். மருமகள் பெட்ஷீற்றை நனைத்துத் தொட்டியை மூடினாள். ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே படிக்கட்டில் போய் நின்றோம். வீட்டுக்குள் வெள்ளையாகப் புகை ஏறியது.

அப்போதுதான் உள்ளே 'கிர்' என்று ஒரு சத்தம் கேட்டது. கரண்ட் மணிக்கணக்காக நின்ற காலத்தில் மகன் பற்றறி மோட்டர் ஒன்றைப் பல்கனியில் பொருத்தியிருந்தான். கரண்ட் இல்லையென்றால் அது தானாக ஓடும். இரண்டுக்கும் ஒரே பிளக். நான் கழற்றியதைக் கரண்ட் நின்றதாக எண்ணி, புகைக்கு நடுவில் இருந்து அது புகைக்காற்றை இழுத்துத் தொட்டிக்குள் விட்டுக்கொண்டிருந்தது.

"மாமி, உங்களுக்கு இழுப்பு இருக்கு, போகாதேங்கோ!"

சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனேன். கண் எரிந்தது. சுவரைத் தடவித் தடவித் தொட்டியடிக்கு வந்து, பெட்ஷீற்றுக்குள் கைவிட்டு, காற்றுக் குழாயைத் தண்ணீரிலிருந்து இழுத்தெறிந்தேன்.

புகை கலைந்து பெட்ஷீற்றை எடுத்தபோது மீன் மேலே வந்து, ஒரு பக்கம் சரிந்து, வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கிழமைக்கொருதரம் தண்ணீர் மாற்றவென்று கடல் தண்ணீரைப் பெரிய பிளாஸ்ரிக் கான்களில் மூடி வைத்திருந்தோம். நான் பழையதைக் குழாய் போட்டு வெளியே விட, மருமகள் புதியதை ஊற்றினாள். ஊற்ற ஊற்ற அழுதாள்.

"அவருக்கு நான் என்னத்தைச் சொல்லுவன், மாமி?"

"அழுதுகொண்டெண்டாலும் அடுத்த கானைத் தூக்கு."

கடைசிக் கானும் முடிந்த பிறகுதான் மீன் நிமிர்ந்தது. மெதுவாகக் கீழே இறங்கிக் கல்லிடுக்குக்குள் போனது. அன்று முழுக்க ஒன்றும் தின்னவில்லை. நானும் சோற்றில் கை வைக்கவில்லை.

விடிந்ததும் போய்ப் பார்த்தேன். உறங்கும்போது இந்த மீன் தன் வாயிலிருந்தே வழுவழுப்பாக ஒரு போர்வை விட்டுத் தன்னை மூடிக்கொள்ளும். கல்லிடுக்கில் அந்தப் போர்வை கண்ணாடி போல மினுங்கியது. உள்ளே அதன் செவுள் அசைந்தது. அதற்குப் பிறகுதான் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தேன்.

இவ்வளவுந்தான், பிள்ளை. அப்பம்மா சொன்னதை எல்லாம் எழுதிப்போட்டியே? உன்ர அம்மா அழுததை எழுதாமல் விட்டிருப்பாய், எனக்குத் தெரியும். முதலிலிருந்து ஒருக்கா வாசி, கேப்பம்.