மீன் கோடு

கண்ணாடியை ஒட்டும் சிலிகோன் பசை காயும்போது வினிகரைப் போன்ற ஒரு புளித்த வாடை எழும். சென்ற வாரம் எங்கள் விடுதியில் கைகழுவும் தொட்டியைச் சரிசெய்தவர்கள் அதைத் தடவிவிட்டுப் போனபின், படித்துக்கொண்டிருந்த பக்கத்தில் மனம் நிற்காமல், ஓசூரில் நாங்கள் வீடு மாறிய நாளுக்குப் போய்விட்டது.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. பாகலூர் சாலையோரம் வரிசையாக இருந்த ஆறு வாடகை வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. அப்பா ஒரு மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலையில் "லீக் டெஸ்ட்" பிரிவில் இருந்தார். உலோகப் பாகங்களைத் தண்ணீரில் அமிழ்த்தி, உள்ளே காற்றைச் செலுத்தி, எங்காவது குமிழி கிளம்புகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. ஷிப்ட் முழுவதும் குமிழி வந்துவிடக் கூடாதே என்று பார்த்திருந்தவர், வீடு திரும்பியதும் மீன்தொட்டியின் முன் அமர்ந்து, காற்றுக்குழாயிலிருந்து குமிழி ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்பார்.

தொட்டியில் ஏழு மீன்கள். மூத்தது, வால் கிழிந்து நிறம் வெளுத்த ஒரு தங்கமீன். அதற்கு "கிழவி" என்று பெயர். கண்ணாடியில் விரலை வைத்தால் அது மட்டும் என்னிடம் வரும். யாரிடமும் அதிகம் பேசாத எனக்கு அது போதுமானதாக இருந்தது.

உத்தனப்பள்ளிக்குப் போகும் சாலையில் வேறு வீடு அமைந்தபோது, வளர்ப்புமீன் கடை பாய் அப்பாவிடம் தெளிவாகச் சொல்லியனுப்பினார். "பழைய தண்ணியை கேன்ல புடிச்சுக்கங்க சார், புது வீட்டு போர் தண்ணியில நேரா விட்டா தாங்காது. கவர்ல மூணு மணி நேரத்துக்கு மேல வெக்காதீங்க. தொட்டியை மட்டும் சொட்டுத் தண்ணி இல்லாம தூக்கணும்."

இந்தக் கடைசி விதிதான் அம்மாவிடம் செல்லுபடியாகவில்லை. புது வீட்டுக்குள் எந்தப் பாத்திரமும் வெறுமையாக நுழையக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். குடங்களில் தண்ணீர், டப்பாக்களில் பருப்பு, அரிசி டிரம்மில் ஒரு படி அரிசி, பக்கெட்டுக்குக்கூட ஒரு மஞ்சள் துண்டு. "இவ்ளோ பெரிய கண்ணாடிப் பொட்டிய வெறுமனே உள்ள கொண்டு போவீங்களா? நல்லாவா இருக்கும்?" என்றார். அப்பா டெம்போவில் ஏறியிருந்த தொட்டிக்குள் இரண்டு பக்கெட் பழைய தண்ணீரை ஊற்றினார். பாயின் சொல்லை அவர் மறக்கவில்லை. அம்மாவின் மனம் கோணக் கூடாதே என்று நினைத்தார்.

சாமான்களை ஏற்றவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மீன்கள் பிளாஸ்டிக் கவர்களில் இருந்தன. கிழவியின் கவர் என் மடியில். புது வீட்டு வாசலில் அப்பாவும் டெம்போ ஓட்டுநரும் தொட்டியைத் தூக்கியபோது உள்ளிருந்த தண்ணீர் ஒரு பக்கமாகப் பாய்ந்தது. கன்னடம் பேசும் அந்த ஓட்டுநர், "நிதானா சார், நிதானா!" என்று கத்தி முடிப்பதற்குள் மூலையில் ஒட்டு பிரிந்து, தண்ணீர் வாசற்படி வழியே தெருவுக்கு ஓடியது.

 ஓட்டுநரே, "வாசல் தெளிச்சாச்சு மேடம், கோலம் போட்டுடுங்க" என்றார்.

"கம்பெனியில ஊரு ஓட்டையெல்லாம் கண்டுபிடிக்கிற ஆளு," என்று அம்மா அப்பாவிடம் சொன்னார். ஆனால் அம்மாவின் கண் வாசற்படியிலேயே இருந்தது. பால் காய்ச்சுவதற்கு முன்பே இப்படி ஆகிவிட்டதே என்ற கலக்கம் எனக்கும் தெரிந்தது.

என் கலக்கம் வேறு. கிழவி கவரின் மேல்விளிம்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. மீன்களை விட்டுவைக்க ஒரு பாத்திரம் வேண்டும். அம்மாவின் விதிப்படி எல்லாப் பாத்திரத்திலும் ஏதாவது இருந்தது. ஏழு மீன்களுக்கும் போதுமானது அரிசி டிரம் ஒன்றுதான். அதை வாசலில் வைத்துக் காலிசெய்யச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கவரை மட்டும் அம்மாவின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.

அம்மா சிறிது நேரம் கிழவியைப் பார்த்தார். பிறகு முந்தானையை விரித்து, டிரம்மில் இருந்த அரிசியை அதில் கவிழ்த்துக்கொண்டு, "கேன்ல இருக்கிற பழைய தண்ணிய இதுல ஊத்துங்க" என்றார்.

"இல்ல, டிரம்மு வெறுமனா…" என்று அப்பா தயங்கினார்.

"ஏழு உசுரு உள்ள போவுது, அது வெறும் டிரம்மா? தூக்குங்க."

அப்படியாக, எங்கள் புது வீட்டுக்குள் பாலுக்கும் முன்னால் மீன்கள் போயின. அரிசி மூட்டையாகக் கட்டிய முந்தானையுடன் அம்மா பின்னால் வந்தார்.

அப்பா தொட்டியை மீண்டும் ஒட்டினார். வீடெங்கும் அந்தப் புளித்த வாடை. மூன்று முறை ஒட்டியும் அவருடைய சோதனையில் அது தேறாததால், நான்காவது ஒட்டு நிற்கும் வரை மீன்கள் இரண்டு மாதம் டிரம்மிலேயே இருந்தன. சிறிது சிறிதாகச் சேர்த்த போர் தண்ணீரின் உப்பு, டிரம்மின் உட்புறத்தில், தண்ணீர் நின்ற மட்டத்தில், ஒரு வெள்ளைக் கோடாகப் படிந்தது.

கிழவி இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தது. இப்போது வீட்டில் மீனும் இல்லை, தொட்டியும் இல்லை. அப்பாவின் பிரிவில் தண்ணீரும் இல்லை; ஓர் இயந்திரம் காற்றின் அழுத்தத்தை அளந்து, ஒழுகுகிறதா என்று சொல்லிவிடுகிறதாம். டிரம் மட்டும் பழையபடி அரிசிக்குத் திரும்பிவிட்டது. எவ்வளவு தேய்த்தும் அந்தக் கோடு போகவில்லை. விடுதியிலிருந்து நான் பேசும்போது, அம்மா பேச்சை நிறுத்தி அப்பாவுக்குக் குரல் கொடுப்பது சில நாள் காதில் விழும்: "ஏங்க, அரிசி மீன் கோட்டுக்குக் கீழ போயிடுச்சு, இன்னிக்கே வாங்கிட்டு வந்துடுங்க."