புத்தகம் இருக்கும் வீட்டில் மீன்

நாங்கள் கும்பிடுகிற ஆசிரமத்துச் சாமி தன் வாழ்க்கைக் கதையைப் புத்தகமாக எழுதியிருக்கிறார். எங்கள் ஊர் மணமேல்குடிக்கு வரும் கட்டுகளை யார் வீட்டில் இறக்குவது என்று சேவைக்குழுவில் கேட்டபோது முதலில் கையைத் தூக்கினவள் நான்தான். யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை. என் மகளுக்குக் கல்யாணமாகி ஏழு வருடமாகப் பிள்ளை இல்லாமல் இருந்தது. இவள் வயிற்றில் ஒன்றைக் கொடு, உன் சேவையை என் வீட்டில் வைத்துச் செய்கிறேன் என்று சாமி படத்துக்கு முன்னால் வேண்டியிருந்தேன். அவளும் உண்டானாள். அப்புறம் கையைத் தூக்காமல் என்ன செய்வது?

மினி லாரி காலையில் வந்தது. ஆரத்தி எடுத்து, கட்டுகளைத் தலையில் சுமந்து உள்ளே கொண்டுவந்தார்கள். சாமி படம் போட்ட புத்தகம் தரையில் படக்கூடாதாம். வீட்டில் இருந்ததோ ஒரே கட்டில், அதுவும் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் என்று வாங்கிப் போட்டது. அதன்மேல் அடுக்கிவிட்டார்கள். பிரசவத் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் வீடு வீடாகக் கொடுத்து முடித்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அன்று சாயங்காலமே அவளுக்கு வலி கண்டுவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து பேத்தியோடு திரும்பினோம். தையல் போட்ட உடம்போடு மகள் பாயில் படுத்தாள். கட்டிலில் புத்தகம் படுத்திருந்தது. பார்க்கவே பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

குழுவை நடத்துகிற அக்கா வந்தார், வாசல் கேட்டோடு நின்றுகொண்டார். பிள்ளை பெற்ற தீட்டு கழிகிற வரைக்கும் புத்தகத்தை யாரும் தொடக்கூடாது, இந்த வீட்டிலிருந்து எடுத்து ஊருக்குக் கொடுக்கவும் கூடாது என்றார். பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருப்பதால் சாமிக்கு ஒன்றும் ஆகாதாம். கிளம்பும்போது திரும்பிப் பார்த்து, "சாமி இருக்கிற வீடு. கவிச்சி மட்டும் வேணாங்க" என்றார்.

ஆகக்கூடி, தீட்டு இருப்பதால் புத்தகம் வெளியே போகாது. புத்தகம் இருப்பதால் மீன் உள்ளே வராது. என் வீட்டில் நான் கைதி.

எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற பால்சுறாதான். அவித்து, தோலை உரித்து, உதிர்த்து, சின்ன வெங்காயமும் பூண்டும் போட்டுப் புட்டாக வதக்கிக் கொடுப்போம். அது இல்லாமல் பூண்டுக் குழம்பு வைத்தேன், முருங்கைக்கீரை வதக்கினேன். மகளுக்குப் பால் போதவில்லை. பவுடர் பால் கொடுத்தால் பிள்ளைக்கு வயிற்றால் போனது. மீன்கார அம்மா தினமும் வாசலில் கூடையை இறக்கி, சுறா இருக்கிறது என்று கூப்பிடுவாள். பிள்ளை பெற்ற வீட்டில் வேண்டாம் என்றால் என்னை ஒரு மாதிரிதான் பார்ப்பாள்.

பக்கத்து வீட்டில் சமைத்து வாங்கிக்கொள்ளட்டுமா என்று அக்காவிடம் போனில் கேட்டேன். எங்கே சமைத்தாலும் நிலைப்படி தாண்டி உள்ளே வந்தால் எல்லாம் ஒன்றுதான், சாமி சோதிக்கிறார், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். சோதிக்கிறதென்றால் என்னைச் சோதிக்கட்டுமே, பச்சைப் பிள்ளையை எதற்குச் சோதிக்க வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. கொடுத்தவருக்கு எடுத்துக்கொள்ள எவ்வளவு நேரமாகும் என்ற பயத்தில், சரிங்கக்கா என்று போனை வைத்துவிட்டேன்.

நர்ஸம்மா வந்து பிள்ளையை எடை போட்டுப் பார்த்தார். பிறந்ததைவிடக் குறைந்திருந்தது. இப்படியே போனால் பெரியாஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அழுது அழுது பிள்ளைக்குத் தொண்டை கட்டியிருந்தது. மகள் அதை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"புள்ளையக் குடுத்த சாமி பாலுக்கு ஏம்மா குறுக்க நிக்கிறாரு?" என்றாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

மறுநாள் மீன்கார அம்மா குரல் கேட்டதும் வெளியே போய் வாங்கினேன். கொல்லையில் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினேன். அவசரத்தில் உப்பு கூடிவிட்டது. தட்டை முந்தானையால் மூடிக்கொண்டு கட்டில் பக்கம் பார்க்காமல் நடந்தேன். உறைக்குள்ளிருந்து சாமி சிரித்தமேனிக்கு இருந்தார். மகள் தட்டை வழித்துத் தின்றாள். அதற்கப்புறம் தினமும் சுறாதான். நாலைந்து நாளில் அவள் ரவிக்கை நனைந்தது. பிள்ளை வயிறு முட்டக் குடித்துவிட்டு வாயைத் திறந்தபடி தூங்கியதைப் பார்த்து, அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

தீட்டுக் கழித்த அன்று அக்கா ஆட்களோடு வந்து கட்டுகளை எடுத்தார். எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறீர்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் பிள்ளை பிறந்த கதையை நானே மைக்கில் சொல்ல வேண்டும் என்றார். சொன்னேன். பிள்ளை பிறந்தது வரைக்கும் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

பேத்தி இப்போது ஓடித் திரிகிறாள், ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அவள் உடம்பு லேசாகச் சுட்டால் போதும். தோளில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் ஓடும்போதே என் வாய் தானாக முணுமுணுக்க ஆரம்பித்துவிடும்: சமைத்தவள் நான்தான் சாமி, அவளை விட்டுவிடு.