ஏழாம் நம்பர் மிஷினுக்கு ஒரு ரீவொர்க் பாட்டு

இந்த வருடம் வேலைக்குச் சேர்ந்த பெண்கள் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பாட்டெல்லாம் உங்களுக்கு எப்படிக்கா வருது?" என்று கேட்கிறார்கள். கேட்கும்போதே முகத்தில் ஒரு மரியாதை தெரிகிறது. அது நீடிக்க வேண்டுமென்றால் நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு பேசாமல் வர வேண்டும். ஆனால் டெஸ்ட் பெஞ்சில் வேலை செய்கிறவளுக்கு மீட்டர் காட்டியதை அப்படியே சொல்லித்தான் பழக்கம். ஆகவே எழுதிவிடுகிறேன்.

1. நோட்டீஸ் போர்டு பாட்டு

தொண்ணூற்றொன்றில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்த கையோடு பென்னலூரில் இந்த டிரான்ஸ்ஃபார்மர் கம்பெனியில் சேர்ந்தேன். டி.வி. பெட்டிக்குள் போகிற சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள். வைண்டிங் லைனில் பெண்கள் மிஷினில் செம்புக் கம்பி சுற்றுவார்கள். சுற்றி வந்ததை நான் சோதித்து, தேறாததற்குச் சிவப்பு டேக் கட்டுவேன்.

சேர்ந்த கொஞ்ச நாளில் சேஃப்டி வீக் வந்தது. சூப்பர்வைசர் முத்தையா சார் திருநெல்வேலிக்காரர். "ஏம்மா சுமதி, படிச்ச பிள்ளைதான நீ? சேஃப்டிய பத்தி ஒரு பாட்டு எழுதேன்" என்றார். படிப்புக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

அந்தப் பாட்டுக்கு உந்துதல் நோட்டீஸ் போர்டு. அதில் இருந்த விதிகள் எல்லாவற்றையும், வரிசை மாறாமல், பல்லவியிலேயே வைத்துவிட்டேன். கையுறை, ஷூ, எர்த்திங், தீயணைப்புக் கருவி. ஒன்றையும் விட மனசு வரவில்லை. பாடி முடித்ததும் பலத்த கைதட்டல். திரும்பிப் பார்த்தால் வடைத் தட்டு வந்துகொண்டிருந்தது.

பேக்கிங்கில் வேலை செய்யும் கோமதியக்காதான் விமர்சனம் சொன்னார். "இன்னாம்மா இது? நோட்டீஸ் போர்டுக்கு சளி புடிச்சா மாதிரி கீது."

2. வழியனுப்புப் பாட்டு

அதன் பிறகு நான் எழுதாமல் இருந்திருக்கலாம். ஆனால் எங்கள் பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் நிச்சயமாகி வேலையை விடுகிற பெண்ணுக்குக் கடைசி நாள் சாயங்காலம் ஒரு பாட்டு. மெட்டு ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்கும், வார்த்தைகள் புதிது. அவளுடைய மிஷின், அவள் கொண்டுவரும் குழம்பு, அவள் சார் கிட்டே வாங்கின திட்டு எல்லாம் அதில் வர வேண்டும். கோமதியக்கா எடுத்துக்கொடுப்பார், மற்றவர்கள் டிபன் பாக்ஸில் தாளம் போடுவார்கள். அவள் இறங்கும் ஸ்டாப் வந்தாலும் பாட்டு முடியும்வரை டிரைவர் ஏழுமலை அண்ணன் கதவைத் திறக்க மாட்டார். முடிந்ததும் நீளமாக ஹாரன் அடித்து, "நல்லா இரும்மா" என்பார்.

முன்பு எழுதிக்கொண்டிருந்தவளுக்கே பாட்டு போட வேண்டிய நாள் வந்தபோது அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. பாலிடெக்னிக் படித்தவள் என்பது இங்கேயும் தகுதியாகிவிட்டது.

இந்தப் பாட்டுகளுக்கு உந்துதல் எது என்று கேட்டால், சிவப்பு டேக். யார் எங்கே கம்பி அறுப்பாள், யார் பேச்சு சுவாரசியத்தில் சுற்று எண்ணிக்கையை விடுவாள் என்று எனக்குத்தான் தெரியும். நிலவையும் நதியையும் பார்த்து எழுதுகிறவர்கள் இருக்கலாம். நான் ரிஜெக்ட் தட்டைப் பார்த்து எழுதினேன். பஸ் சிரித்தது. என் தலையும் கொஞ்சம் கனத்தது.

3. ஸ்டெல்லா பாட்டு

ஒரு சிக்கல் இருந்தது. பெண்கள் பெரும்பாலும் முந்தின நாள்தான் விஷயத்தைச் சொல்வார்கள். அதற்குள் பாட்டு தயாராக வேண்டும். ஸ்டோர்ஸில் செய்வதுபோல முன்கூட்டியே ஸ்டாக் வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது. யார் போகக்கூடும் என்று கணித்து எழுதி வைத்துவிடலாம். இப்படி ஒரு யோசனை படித்தவளுக்குத்தான் வரும்.

முதல் கணிப்பு ஸ்டெல்லா. சுங்குவார்சத்திரத்தில் ஏறுவாள். ஏழாம் நம்பர் மிஷினில் தலைமுடி மாதிரி கம்பி ஓடும், அதை அறுக்காமல் சுற்றுகிற கை லைனில் அவளுக்குத்தான். இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. எனக்குக் கிடைத்த அறிகுறிகள்: புது வளையல். லீவு கேட்டிருந்தாள். சைதாப்பேட்டையிலிருந்து பெண் பார்க்க வந்துவிட்டுப் போனதாகக் கோமதியக்கா தந்த தகவல். ரீடிங் எல்லாம் ஒரே பக்கம் காட்டின. பாட்டும் வந்துவிட்டது:

ஏழாம் நம்பர் மிஷினே, இனி யார் உன்ன சுத்துவா?
எங்க ஸ்டெல்லா நாளையிலே சைதாப்பேட்ட சுத்துவா!

இந்த இரண்டு வரி கிடைத்த சந்தோஷத்தில் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. ஸ்டெல்லாவிடமே கேட்டிருக்கலாம். டெஸ்ட் பெஞ்சில் ஒரு பீஸைக்கூடச் சோதிக்காமல் விடாதவள், இதைச் சோதிக்காமல் பாஸ் செய்தேன்.

வரிகள் மெட்டில் உட்காருகிறதா என்று பார்க்க, சாப்பாட்டு நேரத்தில் கைகழுவும் இடத்தில் கோமதியக்காவிடம் பாடிக் காட்டினேன். "யாருக்கும் சொல்லாதீங்கக்கா" என்றும் சொன்னேன். அதற்குப் பதில் மைக்கைப் பிடித்துச் சொல்லியிருக்கலாம்.

பாட்டு தயார் என்றால் அன்றுதான் ஸ்டெல்லாவுக்குக் கடைசி நாள் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் பஸ் கம்பெனி கேட்டைத் தாண்டியதும் டிபன் பாக்ஸ்கள் ஆரம்பித்தன. ஜன்னல் ஓரம் தூங்கிக்கொண்டிருந்த ஸ்டெல்லா தன் வழியனுப்புப் பாட்டில்தான் கண் விழித்தாள். அவள் ஏதோ சொல்லக் கையைத் தூக்கினாள், அதற்கும் கைதட்டினார்கள். சுங்குவார்சத்திரத்தில் ஹாரன் முழங்கியது. "நல்லா இரும்மா" என்றார் ஏழுமலை அண்ணன். அவள் யாரையும் பார்க்காமல் இறங்கிப் போனாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது சரணத்தைக் கோமதியக்காவுக்குப் பாடிக் காட்டாமல் விட்டுவிட்டேனே என்பதுதான் எனக்கு வருத்தம்.

மறுநாள் காலை ஏழாம் நம்பர் மிஷினில் பத்தாம் நம்பர் பெண் உட்கார்ந்திருந்தாள். ஸ்டெல்லா பேக்கிங் மேஜையில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன் இங்கே?" என்று கேட்டேன்.

"நீதான் அனுப்பி வச்சிட்டியே" என்றாள், லேபிளிலிருந்து கண்ணை எடுக்காமல். "மாப்ள வூட்ல வேலைய வுட்ரணும்னாங்க. வேலைக்குப் போவேன், அதுக்கு ஒத்துகினா மேல பேசுங்கன்னு நான் சொல்லி அனுப்பிகீறேன். இன்னும் பதிலே வர்ல. இப்ப வேலையே இல்லன்னா நான் இன்னாத்த வச்சிகினு பேசறது? உனக்கு ரெண்டு வரி ஒட்டிகினா போதும், இல்ல?"

வளையல் மாதா கோயில் திருவிழாவுக்கு வாங்கியதாம். லீவும் அதற்குத்தான்.

4. ரீவொர்க்

நேராக முத்தையா சாரிடம் போனேன்.

"சார், நேத்து பாட்டு தப்பு சார்."

"மெட்டா?"

"விஷயம் சார். ஸ்டெல்லா வேலையை விடலை."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, இதுவரைக்கும் பாட்டு போட்ட பிள்ளை எவளாச்சும் திரும்பி வந்திருக்காளா? நம்ம பிள்ளையள் லெட்டர் எழுதிக் குடுத்துட்டா போவுது? கல்யாணத்துக்குப் பொறவு வராது, அவ்வளவுதான். உங்க பாட்டைக் கேட்டுத்தான் நான் வேற ஆள் கேக்கேன். பர்சனல் ஆபீசர்ட்ட சொல்லியாச்சு, அவ பேரையும் நிரந்தர லிஸ்ட்ல இருந்து எடுத்தாச்சு. இப்ப போயி பாட்டு தப்புன்னு நின்னா, மத்த பாட்டெல்லாம் சரியான்னு கேப்பாருல்லா?"

எங்கள் கேலிப் பாட்டு ராஜினாமாக் கடிதமாக வேலை செய்துவந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"நான் என்ன சார் பண்ணணும்?"

"தப்பு பீஸை என்ன செய்வோம்?"

"ரீவொர்க் சார்."

"அப்ப செய்யி."

ஸ்டெல்லாவிடம் சொன்னபோது அவள் ஒரு நிபந்தனை போட்டாள். "நீயேதான் பாடணும். கோமதியக்கா பாடனா எல்லாரும் தாளம் போடுவாங்க, ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

என் குரல் பற்றி ஒரு வார்த்தை. அதை என் அம்மாவே ரிஜெக்ட் செய்திருக்கிறார்.

மறுநாள் காலை பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். காலையில் யாரும் பாடியதே கிடையாது, பாதிப்பேர் தூக்கத்தில் இருந்தார்கள். முத்தையா சார் முன் சீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

டெஸ்ட் பெஞ்ச் அக்கா டெஸ்ட் பண்ணாம பாஸ் பண்ணாங்க,
கேக்காமலே ஸ்டெல்லாவுக்கு ஹாரன் அடிக்க வெச்சாங்க.
ஏழாம் நம்பர் மிஷினே, ஏமாந்து போவாதே,
சுத்துறவ இங்கதான் கீறா, சுவிட்ச ஆஃப் பண்ணாதே!

ஒரு டிபன் பாக்ஸ்கூடத் தட்டவில்லை. ஏழுமலை அண்ணன் வேகத்தைக் குறைத்து, "இன்னாம்மா, ஒடம்புக்கு முடியலியா?" என்று கேட்டார். ஸ்டெல்லா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பில்லை. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்த முறை நாலாவது வரியில் கோமதியக்காவின் டிபன் பாக்ஸ் தட்டியது. அப்புறம் இன்னொன்று. பென்னலூர் வருவதற்குள் என்னைக் கிண்டல் செய்ய நானே எழுதிக்கொடுத்த பாட்டை முழு பஸ்ஸும் உற்சாகமாகப் பாடிக்கொண்டிருந்தது.

கேட்டில் இறங்கும்போது முத்தையா சார் பேப்பரை மடித்தார். "ரெண்டாவது வரி இடிக்கி. சாயந்தரத்துக்குள்ள சரி பண்ணிரு. பர்சனல் ஆபீசர் இன்னைக்கு நம்ம பஸ்லதான் வாராரு."

சாயங்காலம் பர்சனல் ஆபீசர் மடியில் பையை வைத்துக்கொண்டு, பாட்டு முழுவதையும் நேராக உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும் திரும்பி, "இப்ப அந்தப் பொண்ணு வேலையில இருக்குதா, இல்லியா?" என்று கேட்டார்.

"கீறா சார்!" என்றது பஸ்.

மறுநாள் ஸ்டெல்லா ஏழாம் நம்பர் மிஷினில் உட்கார்ந்தாள். அன்று அவள் பீஸ் ஒவ்வொன்றையும் நான் இரண்டு முறை சோதித்தேன்.

5. இப்போது

சைதாப்பேட்டையிலிருந்து பதில் வந்தது. வேலைக்குப் போகிற பெண் வேண்டாம் என்றார்கள். ஸ்டெல்லாவும் சரி என்றுவிட்டாள். வேலை நிரந்தரமான பிறகு, திருமழிசையில் அவள் வேலையோடு சேர்த்து அவளை ஏற்றுக்கொண்ட ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். இப்போது பூந்தமல்லி பக்கத்து பஸ்ஸில் வருகிறாள். அதே மிஷின்.

ஆக, பாட்டு எப்படி வருகிறது என்று கேட்ட தங்கைகளுக்கு: வரிகள் எப்படியோ வந்துவிடும். அழகாக வந்தால் இன்னும் ஜாக்கிரதையாக இருங்கள். யாரைப் பற்றி எழுதுகிறீர்களோ அவளிடம் முதலில் போய்க் கேளுங்கள்.

போன வாரம் என் பெஞ்சுக்கு ஸ்டெல்லா பாபின் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். "எனக்கு எழுதின அந்தப் பாட்டு இன்னும் கீதா?"

"இருக்கு."

"ரெண்டாவது சரணம்?"

"அதுவும் இருக்கு. யாரும் கேட்கலை."

"பத்திரமா வச்சிரு. நான் ரிடையர் ஆவும்போது பாடலாம்" என்றாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "சைதாப்பேட்டைய மட்டும் தூக்கிடு" என்றாள்.

தூக்கிவிட்டேன். அந்த இடத்தில் திருமழிசை கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் இன்னும் போடவில்லை. நாளை கேட்டுவிட்டுப் போடலாம் என்றிருக்கிறேன்.