நல்லவராக நடித்த யூதாஸ்

பி.ஏ. இரண்டாம் ஆண்டு படித்தபோது சினிமா என்றால் என்னவென்று எனக்கு முழுவதும் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு அந்தத் தெளிவு வரவே இல்லை. நம் குடும்பப் படங்களில் நல்ல அப்பா என்றால் கடைசி ரீலில் இருமிச் சாக வேண்டும். கெட்டவன் என்றால் முகத்தைப் பார்த்தவுடன் தெரிந்துவிட வேண்டும். இந்த இரண்டு விதிகளையும் உடைத்து ஒரு குறும்படம் எடுத்தே தீருவது என்று கல்லூரி நண்பர்களிடம் சபதம் செய்தேன். ஒரு நண்பனின் சித்தப்பா பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்தார். அவருடைய சூப்பர் 8 கேமராவும் நான்கு ரோல் பிலிமும் கிடைத்தன. ஒரு ரோல் மூன்று நிமிஷம், பேச்சு கிடையாது. புரட்சிக்கு இது போதும் என்று நினைத்தோம்.

கெட்டவன் முகத்தோடு ஒரு நல்லவர் வேண்டும். எங்கள் ஊரில் அப்படி ஒருவர் தயாராகவே இருந்தார். பாண்டிச்சேரிப் பக்கம் வில்லியனூரைத் தாண்டி, கரும்புக்கும் நெல்லுக்கும் நடுவில் இருந்த கிறிஸ்தவ ஊர் எங்களுடையது. ஒவ்வொரு தவக்காலத்திலும் இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போடுவோம். பாஸ்கா என்று பெயர். அதில் பல வருஷமாக யூதாஸ் வேஷம் கட்டிய விவசாயி எனக்கு மாமா முறை. அவர் இயேசுவுக்கு முத்தம் கொடுத்துக் காட்டிக்கொடுத்ததும் பிள்ளைகள் அவர்மேல் சாணி உருண்டை எறிய வேண்டும். அது ஊர் வழக்கம்.

வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "எனுக்கு எதுக்குப்பா சினிமா" என்றவர், உள்ளே விளையாடிக்கொண்டிருந்த எட்டு வயது மகளைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"பள்ளிக்கூடத்துல யூதாசு பொண்ணுன்னு கேலி பண்றாங்களாம். என்கூட கோயிலுக்கு வர மாட்டேன்றா. உன் படத்துல நான் நல்லவன்தான? அத ஊரு பாக்குமா?"

"பாக்கும் மாமா" என்றேன்.

மகளாக அவளையே நடிக்க வைத்தேன். கதை இவ்வளவுதான்: ஓர் அப்பா வேலை தேடி வெளியூர் கிளம்புகிறார். இருமல் இல்லை, சாவு இல்லை. கடைசியில், தூங்கும் மகளின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டுப் போகிறார். அந்த முத்தம் என் யோசனை. வெளியூரான் யாரும் சொல்லித் தரவில்லை. அதே ஊரில் பிறந்து, அதே பாஸ்காவில் சாணி எறிந்து வளர்ந்த நானேதான் யோசித்தேன்.

பிலிம் பிரான்சுக்குப் போய்க் கழுவி வர இரண்டு மாதம் ஆயிற்று. ஒரு ஞாயிறு காலை, பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லித் தரும் மறைக்கல்வி அறையின் ஜன்னல்களைச் சாக்கால் மூடிப் படத்தைப் போட்டோம். பத்து நிமிஷம் ஊர் மரியாதையாகப் பார்த்தது. மாமாவின் முகம் திரையில் பெரிதாகக் குனிந்து மகளின் நெற்றியைத் தொட்டது.

"குடுத்துட்டான்டா முத்தம். இப்ப வந்து புடிச்சிக்கினு போவப் போறாங்க அந்தப் பொண்ண" என்றார் ஒருவர்.

அறையே சிரித்தது. அப்பாவின் பக்கத்தில் இருந்த சிறுமி எழுந்து அம்மாவிடம் போய் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. மாமாவுக்காக அல்ல, படத்துக்காக.

மறுநாள் மாமா வந்தார். "தம்பி, அந்த ஒரு எடத்த மட்டும் வெட்டிடு. மத்ததெல்லாம் நல்லாத்தான் கீது."

பிளேடால் இரண்டு வெட்டு, ஒரு ஒட்டு. அவ்வளவுதான் வேலை. செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஆனால் முத்தம் இல்லாமல் படம் முடிந்த மாதிரி இல்லை என்று பிறகு தோன்றியது. கலைஞனுக்கு இப்படியெல்லாம் தோன்றும்.

பாண்டிச்சேரியில் கல்லூரிக் காட்சிக்கு மாமா மகளை அழைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார், வெட்டிய படத்தை அவளுக்குக் காட்டுவதற்காக. முத்தம் அப்படியே ஓடியது. எங்கள் ஊர் பாஸ்காவைப் பார்த்திருந்த பேராசிரியர் ஒருவர் எழுந்தார்.

"துரோக முத்தத்தை அன்பு முத்தமாக மாற்றியிருக்கிறாய். தெரிந்தேதானே செய்தாய்?"

"ஆமாம் சார்" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள் என்றும் தெரியும். அதற்காகத்தான் அவரைப் போட்டேன்."

கைதட்டினார்கள். கடைசி வரிசையில் மாமா மகளின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

பஸ் நிறுத்தத்தில் அவர் கோபப்படவில்லை. "சிரிப்பாங்கன்னு தெரிஞ்சேதான் செஞ்சியா தம்பி?" என்று மட்டும் கேட்டார். ஊர் சிரித்த பிறகுதான் எனக்கே அது உறைத்தது என்பதை நான் சொல்லவில்லை. சொன்னால் அப்போதுதான் கிடைத்த நல்ல பெயர் போய்விடுமே.

அடுத்த தவக்காலத்தில் அவர் வேஷம் கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கோயிலின் பங்குச் சாமியார் யூதாசுக்கு ஆள் தேடியபோது, "அந்தத் தம்பி நல்லா செய்யும்" என்று என்னைக் கைகாட்டியதும் அவர்தான். மறுக்க எனக்கு எந்த முகமும் இல்லை.

பாஸ்காவில் இயேசுவுக்கு முத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். முன்வரிசையில் அவரும் மகளும் நின்றிருந்தார்கள். முதல் சாணி உருண்டையை அவள்தான் எறிந்தாள், குறி தப்பவில்லை. எறிந்துவிட்டு அப்பாவின் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டாள்.